ஒரு பொருளுக்கு இரண்டு இடம்

“அது மறந்து போகுதுங்க டீச்சர்,” என்றார் நாச்சிமுத்து.

ஷமீமா கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. “எதுங்கண்ணா?”

“பொட்டி.”

துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்ததை மேஜைமேல் வைத்தார். டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. முன்பக்கம் ஒரு பச்சைப் பொத்தான், பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். அவ்வளவுதான்.

ஷமீமா இப்போது திரும்பிப் பார்த்தாள். பெட்டியை அல்ல, அவர் முகத்தை.

கணபதி பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவள் பட்டறை. லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கண்ட்ரோல் போர்டு செய்து கொடுப்பவள். வயது முப்பத்தொன்று. யாராவது குரு என்று அழைத்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொன்பது. நூற்பாலையில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். படிக்க வந்த முதல் நாள் அவளை அம்மிணி என்று கூப்பிட்டார். இரண்டாவது வாரமே டீச்சர் ஆக்கிவிட்டார். மகள் வயதுப் பெண்ணிடம் கைகட்டி நிற்கிறாயே என்று பழைய மில்காரர்கள் கேலி செய்தபோது, தெரிந்தவரிடம்தானே கேட்க முடியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் கற்க வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. அந்தப் பெட்டிக்காக.

அவர் மனைவி தெய்வானைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் இருபது வயதுக்குப் பிறகு நடந்த எதுவும் அவளிடம் தங்குவதில்லை. பகலில் கேட்பதெல்லாம் பகலோடு சரி. சாயங்காலம் வரை அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவள், தூங்கி எழுந்தால் கல்யாணம் ஆகாத பெண். தெரியாத அறை, தெரியாத கட்டில், வாசற்படியில் தெரியாத ஒரு கிழவர்.

ஆகவே தினமும் காலையில் நாச்சிமுத்து சொல்லுவார். மொத்தம் பதினான்கு வாக்கியங்கள்.

முதல் வாக்கியம், “பயப்படாதீங்க.”

ஆரம்பத்தில் ‘பயப்படாத கண்ணு’ என்றுதான் சொன்னார். முன்பின் தெரியாத கிழவன் கண்ணு என்று கூப்பிட்டால் எந்தப் பெண்தான் பயப்பட மாட்டாள்? ஒரு மாதம் கழித்துத்தான் அது உறைத்தது. அதிலிருந்து காலை நேரத்தில் சொந்தப் பெண்டாட்டிக்கு ‘நீங்க, வாங்க’தான்.

எந்த வாக்கியத்துக்குப் பின் எந்த வாக்கியம் என்பதிலும் விஷயம் இருந்தது. வயதைச் சொல்வதற்கு முன்னால் கல்யாணத்தைச் சொன்னால் ஓடப் பார்ப்பாள். காய்ச்சலைச் சொல்வதற்கு முன்னால் வயதைச் சொன்னால் கண்ணாடியைப் பார்த்து அழுவாள். அவள் அழாத ஒரு வரிசையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

போன மாதம் ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. இரவெல்லாம் முட்டிவலி. அன்று காலையில் அவள் இடையிடையே கண்ணயர்ந்து எழுந்து, மூன்றாவது முறையாக நீங்க யாருங்க என்று கேட்டபோது, எத்தனை தடவை சொல்றது என்று கத்திவிட்டார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள்.

அடுத்த நாள் அவளுக்கு அது நினைவில்லை. அவருக்கு இருந்தது.

இயந்திரத்துக்குக் கோபம் வராது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார். அவர் குரலிலேயே அந்தப் பதினான்கையும் பெட்டிக்குள் வைத்துவிடுவது. அவள் எழுந்ததும் பொத்தானை அழுத்துவாள், பெட்டி சொல்லும், அவள் சமாதானம் ஆன பிறகு இவர் உள்ளே போவார். இனிமேல் எந்தக் காலையிலும் அவளை அவர் நடுங்க வைக்கமாட்டார்.

நேற்று சாயங்காலம் பெட்டி முடிந்தது. மேஜைமேல் அழுத்தினால் பதினான்கும் வரிசையாக வந்தன. சந்தோஷம் தாங்காமல், ஷமீமா வெளியே போயிருந்த நேரத்தில், அவளிடம் சொல்லாமலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். உள்ளே அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி. வீடு போய்ச் சேர்ந்ததும் பிளக்கில் மாட்டி, பொத்தான்மேல் ‘அழுத்தவும்’ என்று எழுதி ஒட்டினார்.

விடியுமுன் கரண்ட் போனது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தது.

ஆறரைக்குத் தெய்வானை எழுந்து பொத்தானை அழுத்தினாள்.

“என்ன சொல்லுச்சு?” என்று கேட்டாள் ஷமீமா.

“பயப்படாதீங்கன்னு சொல்லுச்சுங்க.”

“அப்புறம்?”

“மறுக்காவும் பயப்படாதீங்க. பதினாலு தடவையும் அதேதானுங்க.”

எதற்குப் பயப்படக்கூடாது என்று சொல்லாமல், ஆளில்லாத அறையில், ஒரு ஆண்குரல் பதினான்கு முறை. தெய்வானை பாத்ரூமுக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். நாச்சிமுத்து மூடிய கதவைப் பார்த்து, அந்தப் பதினான்கையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் வெளியே வந்தபோது மணி ஒன்பது.

இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் பெட்டியின் மூலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ஷமீமா எழுந்து தண்ணீர் கொடுத்தாள். அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். தன் தங்கை துணைக்கு வந்திருக்கிறாள், சாப்பிட்டுவிட்டு இருவரும் தாயம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

பிறகு ஷமீமா கேபிளை எடுத்துக் கணினியையும் பெட்டியையும் இணைத்தாள். புரோகிராமை ஏற்றிப் பொத்தானை அழுத்தச் சொன்னாள்.

பதினான்கும் வந்தன. ஒரு பிசகு இல்லை.

“இங்க வருது பாருங்க,” என்றார் நாச்சிமுத்து. அடிபட்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கி வந்ததும் அது சிரித்தால் வரும் கோபம் அவருக்கு வந்தது.

ஷமீமா கேபிளைப் பிடுங்கினாள். பேட்டரியையும் கழற்றினாள். ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு பேட்டரியை மாட்டி அழுத்தினாள்.

பயப்படாதீங்க. பயப்படாதீங்க. பயப்படாதீங்க.

“நிறுத்துங்க டீச்சர்.”

நிறுத்தினாள்.

“மறக்காத மாதிரி இதைச் செய்ய முடியாதுங்களா? பெரிய பேட்டரி போட்டுறலாங்களா?”

“எவ்வளவு பெருசுங்கண்ணா?”

எந்த பேட்டரியும் ஒருநாள் தீரும் என்பது ஃபோர்மேனுக்குத் தெரியாததல்ல.

லொக்கேட்டருக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றாள்.

கணினியின் கறுப்புத் திரையில் ஒரே வரியில் பெயரைத் தட்டினால் ஓடுகிற மென்பொருள் கருவி அது. பட்டன் கிடையாது, படம் கிடையாது. நாம் எழுதிய புரோகிராம் முதலில் துண்டு துண்டாகத்தான் உருமாறும். அந்தத் துண்டுகளுக்கு ஊர் கிடையாது. நான் தொடங்கும் இடத்திலிருந்து நாற்பதாவது அடியில் இன்ன எண் இருக்கிறது என்று ஒவ்வொரு துண்டுக்கும் தெரியும். தொடங்கும் இடம் எது என்று மட்டும் தெரியாது. லொக்கேட்டர்தான் ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள்ளிருக்கும் போர்டில் நிலையான இடத்தைக் கொடுக்கும்: நீ இந்த முகவரி, நீ அந்த முகவரி.

எதை எங்கே வைப்பது என்பதை ஒரு சின்ன ஃபைலில் நாம் எழுதித் தரவேண்டும். எழுதியதைக் கருவி அப்படியே செய்யும். எதிர்த்துக் கேட்பது அதற்குப் பழக்கமில்லை.

போர்டில் இரண்டு வகை இடம். ஒன்று ரோம், கரண்ட் போனாலும் அழியாது, ஆனால் ஓடும்போது அதில் எதையும் மாற்ற முடியாது. இன்னொன்று ரேம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கரண்ட் போனால் துடைத்ததுபோல் ஆகிவிடும்.

நாச்சிமுத்துவின் ஃபைலில் ஐந்து வரிகள் இருந்தன. குரல் பதிவுகள் ரோமில். புரோகிராம் ரோமில். எந்த வாக்கியத்துக்குப் பின் எந்த வாக்கியம் என்ற வரிசைப் பட்டியல் ரேமில். திங்கட்கிழமை என்றால் ஒரு வாக்கியம், மழை என்றால் வேறொன்று என்று அது அன்றன்றைக்கு மாறவேண்டுமே.

“எல்லாத்துக்கும் எடம் குடுத்திருக்கனுங்க,” என்றார். “எதும் விட்டுப்போகல.”

“நான் குடுத்த ஃபைல்ல ஆறு வரி இருந்துச்சு.”

“ஒண்ணு வேண்டாததுன்னு எடுத்துட்டனுங்க. ஒரே பட்டியலை ரெண்டு எடத்துல வைக்கச் சொல்லுது. எதுக்குங்க ரெண்டு?”

இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். மில்லில் அவருடைய பட்டறைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஆணி அடித்து, அதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்திருப்பார். ஒரு பொருளுக்கு ஒரு இடம். முப்பது வருஷத்தில் ஒரு ஸ்பேனர் காணாமல் போனதில்லை.

ஷமீமா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது.

“கீழ பேக்கரில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணா.”

“இப்ப டீ வேண்டாங்க டீச்சர்.”

“போய்ட்டு வாங்க. கோயாண்ணன் பலகை எழுதற நேரம்.”

பொட்டி இப்படிக் கிடக்கும்போது டீ ஒரு கேடா என்று மனதுக்குள் முனகிக்கொண்டே இறங்கினார். முட்டி ஒவ்வொரு படிக்கும் பதில் சொன்னது.

பேக்கரி கோயா அப்போதுதான் வாசல் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலப் பலகாரம் என்னென்ன என்று எழுதுகிற பலகை. துடைத்து முடித்து, கல்லா மேஜையின் இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை எடுத்தார். அதைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் எழுதினார். தேங்காய் பன். முட்டை பப்ஸ். வெஜ் பப்ஸ். வாழைக்காய் பஜ்ஜி.

நாச்சிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, தினமும் இதேதானா என்று கேட்டார். எட்டு வருஷமாக இதேதான் என்றார் கோயா. மனப்பாடம் இருக்குமே, அட்டை எதற்கு? கூட்டம் வந்து நின்றால் மனப்பாடம் போய்விடும் என்றார். அப்படியானால் அட்டையையே தொங்கவிடலாமே? பப்ஸ் தீர்ந்துபோனால் அதில் எப்படி அழிப்பது, அட்டையில் அழித்தால் நாளைக்கு எதைப் பார்த்து எழுதுவது என்று கேட்டார் கோயா. சரி, பலகையிலேயே பெயின்டில் எழுதிவிடலாமே?

கோயா சாக்பீஸை நிறுத்திவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். இந்த மனிதருக்கு வீட்டில் வேலையே இல்லையா என்று அந்தப் பார்வை கேட்டது.

நாச்சிமுத்து பலகையைப் பார்த்தார். இழுப்பறையைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

பாதி டீயை வைத்துவிட்டு மாடிக்கு ஏறினார். முட்டி என்ன சொன்னது என்று அவர் காதில் விழவில்லை.

“ரெண்டு எடம்,” என்றார் மூச்சு வாங்க. “வைக்கிற எடம் ஒண்ணு. புழங்கற எடம் ஒண்ணு.”

ஷமீமா நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்து எழுந்தாள்.

எடுத்துவிட்ட ஆறாவது வரியை அவரே தட்டினார். வரிசைப் பட்டியல் ஓடும்போது இருக்கவேண்டிய இடம் ரேமில். அதன் நகல் எப்போதும் இருக்கவேண்டிய இடம் ரோமில். கரண்ட் வந்து போர்டு கண்விழிக்கும்போது, மற்ற எந்த வேலைக்கும் முன்னால், நகலைப் பார்த்துப் பட்டியலை ரேமில் எழுதிக்கொள்ளும். இதுவரை மேஜைமேல் அந்த வேலையைக் கேபிள் செய்துகொண்டிருந்தது. அதனால்தான் இங்கே சரியாகப் பேசிய பெட்டி, கரண்ட் போய் வந்ததும் வீட்டில் உளறியது. பட்டியல் வெறுமையாக இருந்தால் எல்லாம் பூஜ்யம். போர்டின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்; பூஜ்யம் என்றால் முதல் வாக்கியம்.

கருவியின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினார். திரையில் முகவரிகள் வரிசையாக இறங்கின. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் இரண்டு முகவரிகள் இருந்தன.

“இதுல எதுங்கண்ணா அதோட நெசமான எடம்?” என்றாள் ஷமீமா.

பழைய ஃபோர்மேன் நாச்சிமுத்துவாக இருந்தால் ஒரு இடத்தை உடனே காட்டியிருப்பார். இப்போது பெட்டியை எடுத்தார்.

புரோகிராமை ரோமில் பதித்தார். கேபிளைக் கழற்றினார். பேட்டரியைக் கழற்றினார். நூறு வரைக்கும் எண்ணினார். மறுபடி மாட்டிப் பொத்தானை அழுத்தினார்.

பதினான்கும் வந்தன, அவள் அழாத அந்த வரிசையில்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள வெட்கப்படவும் இல்லை. இன்னும் இரண்டு தரம் கழற்றி மாட்டிப் பார்த்தார். பிறகு என்னவோ தோன்றி நிமிர்ந்தார்.

“ஆனா டீச்சர், இது இன்னமும் மறக்கத்தானுங்க செய்யுது.”

“ஆமாங்கண்ணா.”

“மறந்துட்டு மறந்துட்டு, மறுக்கா எழுதிக்குது.”

“ஆமாங்க.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

நாச்சிமுத்து பெட்டியைத் துண்டில் சுற்றத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். கேட்க நினைத்தது பெட்டியைப் பற்றியல்ல என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் பெட்டியைப் பார்த்தேதான் கேட்டார்.

“சலிக்காதுங்களா?”

ஷமீமா அவர் கையிலிருந்து துண்டின் நுனியை வாங்கி, தானே சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“சொல்றவங்களுக்குச் சலிக்கலாமுங்கண்ணா,” என்றாள். “கேக்கறவங்களுக்கு அது மொதத் தடவை.”

சுவரோடு ஒட்டி நடுங்கிய தெய்வானை அவர் கண்முன் வந்து நின்றாள். அன்றைக்கு அவள் கேட்டது மூன்றாவது தடவை என்றுதான் அவர் எண்ணியிருந்தார்.

படியிறங்கும்போது ஷமீமா மேலிருந்து கூப்பிட்டாள். ஃபைலைக் கொடுத்தபோதே அந்த வரி எதற்கென்று தான் விளக்கியிருக்க வேண்டும் என்றாள், காலையில் அக்கா பயந்துபோனதற்குத் தன் சார்பில் வருத்தம் சொல்லச் சொன்னாள். சொன்னாலும் நாளைக்கு அவளுக்கு நினைவிருக்காதே என்றார் நாச்சிமுத்து.

“இருந்தாலும் சொல்லுங்க.”

சொன்னார். தெய்வானைக்குக் காலையில் நடந்ததே அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. யார் அந்தப் பொண்ணு, ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க என்றாள்.

அன்று ராத்திரி படுக்குமுன் அவர் பெட்டியைக் கட்டில் பக்கத்தில் பிளக்கில் மாட்டினார். இரண்டு முறை சுவிட்சை அணைத்துப் போட்டுச் சரிபார்த்தார்.

காலை ஆறரைக்கு அவர் அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கை வேலை செய்தது, காது அறைக்குள் இருந்தது.

கட்டில் கிரீச்சிட்டது. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பொத்தான் அழுந்தும் ஒலி.

பயப்படாதீங்க, என்றது பெட்டி. உங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப தேவலை, என்றது. அவர் உதடு கூடவே அசைந்தது. ஒன்பதாவது வந்தது. பத்தாவது வந்தது. பதினான்காவது வாக்கியம், அடுக்களையில் இருப்பவர் உங்கள் வீட்டுக்காரர், பேர் நாச்சிமுத்து, என்பது.

அழுகைச் சத்தம் இல்லை. தாழ்ப்பாள் சத்தம் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு காலையில் அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியின் நடுவில் என்னவோ ஒன்று குறைந்தது.

தெய்வானை அடுக்களை வாசலில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர் முகத்தையும் நரைத்த தலையையும் நேராகப் பார்த்தாள். பயம் இருந்தது, ஆனால் ஓடுகிற பயம் இல்லை.

“அந்தப் பொட்டில பேசறது நீங்கதானுங்களா?”

“நான்தானுங்க.”

அவள் திரும்பி அறைக்குள்ளிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“எல்லாம் கேட்டனுங்க,” என்றாள். “ஆனா அது என்னையப் பாக்காமச் சொல்லுது. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.